மாமா வீட்டு உப்புச் சுவர்

தம்பி,

எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை கை வரவில்லை. உன் அம்மா நலம். நான் எப்படி என்பதை, இதைப் படித்து முடித்தபிறகு நீயே தீர்மானித்துக்கொள்.

நீ போட்ட இன்லண்ட் லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. பெங்களூர்க் குளிர் உன் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், உன் மாமனார் கரண்டில் வெந்நீர் காய்ச்சும் டிரம் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறார் என்றும், புது வீட்டுக் குளியலறையில் அதை மாட்டிக் கீழே ஷவர் வைக்கப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். சுவருக்குள் தண்ணீர் இறங்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டிருந்தாய். டிரம் வாங்கிக் கொடுக்க மாமனார், சுவருக்கு மட்டும் அப்பாவா என்று எனக்கு ஒரு நிமிஷம் சுருக்கென்றது. என் புத்தி அப்படி. அறுபதை நெருங்கியும் அது திருந்தவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு மேலே படி.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். "மாமா மாதிரி அலட்சியமாக மாட்டி யார் உயிருக்கும் உலை வைத்துவிடக் கூடாது, அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்" என்று. முதலில் அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் என் மகன் அந்த மனுஷனை மன்னிக்கவில்லை, என்னைத்தான் நம்புகிறான் என்று ஒரு அற்ப சந்தோஷம். பிறகு உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே இருந்தபடியே, "எங்கண்ணன் அலட்சியக்காரன் இல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. அவள் சொன்னது உண்மை என்று இந்த ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் நான்தான் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

உன் மாமாவைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நீ கேட்டிருக்க மாட்டாய். எங்கள் கல்யாணத்தன்றே தொடங்கியது இது. நான் தோல் பதனிடுகிற டேனரிகளில் குழி கட்டுகிற மேஸ்திரி. சுண்ணாம்பில் தோல் ஊறப்போடுகிற குழி, கடுக்காய்த் தண்ணீரில் போடுகிற தொட்டி, இவற்றில் ஒரு சொட்டு கசியாமல் கட்டித் தருவது என் வேலை. என் விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருக்கும். அவருக்கும் அப்போது நான் குழி கட்டிய ஒரு டேனரியில்தான் வேலை, தோலை உதறிக் காயப்போடுகிற வேலை. என்னைவிடக் கூலி கம்மி. பிறகு சண்டைக் காலம் வந்தது. பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் ரயில் ரயிலாகப் போனது. தோலைத் தொட்டுப் பார்த்தே தரம் சொல்கிற விரல் உன் மாமாவுக்கு இருந்தது. முதலாளி பாய் அவரைத் தரம் பிரிக்கிற மேசைக்கு ஏற்றிவிட்டார். அதன்பிறகு வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், காதுமடலில் அத்தர். நான் குழிக்குள்ளே இடுப்பளவு நின்று பூசிக்கொண்டிருப்பேன். அவர் மேலே நின்று குனிந்து, "இன்னா மாப்ளே, சாப்ட்டீங்களா?" என்று கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். ஆனாலும் நான் கீழே இருக்கும்போது அவர் மேலேயிருந்து கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்பேன், இல்லாவிட்டாலும் சாப்பிட்டேன் என்பேன்.

அவருக்குக் குழந்தை இல்லை. உன்மேல் உயிராக இருந்தார். தங்கை மகன்மேல் ஒரு தாய்மாமன் உயிராக இருப்பதில் குற்றம் என்ன இருக்கிறது, நீயே சொல். எனக்கு அது குற்றமாகப் பட்டது. அவர் வாங்கிக் கொடுத்த பேனாவில் நீ எழுதினால் எனக்கு ஆகாது. அவர் சைக்கிளில் உன்னை முன்கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போனால், நீங்கள் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துவிட்டு உள்ளே வந்து உன் அம்மாவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

எனக்கென்று உன்னிடம் இருந்தது ஒன்றுதான். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அதற்கு விறகு பிளப்பது நான், அண்டாவில் தண்ணீர் காய வைப்பது நான், உன் தலையில் எண்ணெய் வைத்து முதுகு தேய்ப்பதும் நான்தான். உன் அம்மாவைக்கூடக் கிட்டே விடமாட்டேன். வாரம் முழுக்க உன்னிடம் நான்கு வார்த்தை பேசாதவன் அந்த அரைமணி நேரத்தில் உன் முதுகோடு பேசுவேன். பள்ளிக்கூடம், வாத்தியார், ரயில், கணக்கு எல்லாம் கேட்பேன். முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. முதுகைப் பார்த்தால் வந்தது. நீ வளர்ந்து, மீசை அரும்பி, வேலூருக்கு ரயிலேறிக் காலேஜ் போகிற வயசிலும் கூச்சப்படாமல் என் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தச் சமயத்தில்தான் உன் மாமா வீடு வாங்கினார். ரயில் லைனுக்கு அந்தப் பக்கம், முதலாளி பதனிடாத பச்சைத் தோல் போட்டுவைத்த பழைய கிடங்கு. இருபது முப்பது வருஷம் அதில் உப்புத் தடவிய தோலை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையிலும் சுவரிலும் ஊறியது. அந்தக் கிடங்குக்குத் தரை போட்டவனே நான்தான், எனக்குத் தெரியாதா. அதைத் தடுத்து அறைகள் ஆக்கி, வெள்ளையடித்து, மங்களூர் ஓடு போட்டு வீடாக்கிவிட்டார். முதலாளி தன் பங்களாவுக்குச் சீமையிலிருந்து கப்பலில் வரவழைத்த வெந்நீர் டிரம்மையும் ஷவரையும், அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தபிறகு, இவருக்குக் கொடுத்துவிட்டார். அதற்காகத் தனியாக ஒரு குளியலறை. ஊரெல்லாம் அதே பேச்சு. பித்தானை அழுத்தினால் வெந்நீர் மழையாகக் கொட்டுமாம் என்று டீக்கடையில் என்னிடமே வந்து சொன்னார்கள், என் மச்சான் வீட்டைப் பற்றி என்னிடமே.

அந்தக் குளியலறையைக் கட்ட அவர் என்னைக் கூப்பிடவில்லை. தண்ணீரை நிறுத்துவதில் இந்த ஆம்பூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, அது அவருக்கும் தெரியும். அப்படியிருந்தும் வேலூரிலிருந்து ஒரு சிமெண்ட் மேஸ்திரியைக் கூட்டிவந்து பூசினார். குழி கட்டுகிறவன் குளியலறைக்கு ஆகமாட்டான் என்று நினைத்துவிட்டார், தன் அந்தஸ்துக்கு நான் கம்மி என்று நினைத்துவிட்டார் என்று எனக்குள் ஒரே எரிச்சல். ஒரு மாதம் அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லை.

பால் காய்ச்சுகிற அன்று போகாமல் இருக்க முடியாது, உன் அம்மா விடமாட்டாள். போனேன். எல்லோரும் கூடத்தில் இருந்தபோது நான் மட்டும் குளியலறைக்குள் போனேன். சிமெண்ட் வழவழவென்று பூசியிருந்தான், வேலை சுத்தமாகத்தான் இருந்தது. மேலே டிரம் கொக்கிகளில் உட்கார்ந்திருந்தது. கீழே ஷவர் பூவாளி வாய் மாதிரி பளபளத்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய சுவரை அப்படியே விட்டு வெள்ளை மட்டும் அடித்திருந்தான். நகத்தால் சுரண்டினேன். பொலபொலவென்று வந்தது. குனிந்து நாக்கை வைத்துப் பார்த்தேன். உன் பெங்களூர் எஞ்சினியர்கள் சிரிப்பார்கள். டேனரியில் குழி கட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. செங்கல்லில் உப்பு இருக்கிறதா என்று கண் சொல்லாது, கை சொல்லாது, நாக்குதான் சொல்லும். கரித்தது. சாதாரணக் கரிப்பு இல்லை, ஊறுகாய் ஜாடியை நக்கின மாதிரி. பழைய பூச்சைச் செங்கல் வரைக்கும் கொத்தி எடுக்காமல், சுவரைக் கழுவாமல், காயவிடாமல் மேலேயே சிமெண்டை அப்பியிருக்கிறான் அந்த வேலூர்க்காரன். அவனுக்கு இந்த ஊர் உப்பைப் பற்றி என்ன தெரியும். உப்பேறிய சுவர் என்றைக்கும் காயாது. ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூச்சைப் பிதுக்கித் தள்ளும். இரும்பைத் தின்னும், செம்பைத் தின்னும்.

வெளியே வந்தேன். உன் மாமா வாசற்படியில் நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "எப்டி மாப்ளே இருக்குது?" என்று கேட்டார். என் வாய்க்குள் இன்னும் உப்பு இருந்தது. "ஜோரா இருக்குது மச்சான்" என்றேன்.

இதுதான் தம்பி நான் செய்தது. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று இல்லை. அவரே கேட்டார், நான் பொய் சொன்னேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை, அதனால் கெடட்டும் என்று நினைத்தேன். ஒரு வருஷத்தில் பூச்சு பெயர்ந்து விழும், ஊர் சிரிக்கும், அப்போது வந்து "மாப்ளே, நீங்கதான் பாக்கணும்" என்று நிற்பார், அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். கரண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று பிற்பாடு மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் உப்பு செம்பைத் தின்னும் என்று தெரியும். டிரம்முக்குள் கரண்டு ஓடுகிறது என்று தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும், நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நடந்தது உனக்கும் நினைவிருக்கும். காலேஜில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவன் தோல் நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிட்டான். நீ வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நம் ஊர்க் காற்றே அப்படித்தானே என்று நான் சிரித்தேன். உன் மாமா சிரிக்கவில்லை. "தெனம் காலைல இங்க வந்து குளிச்சிட்டுப் போடா, வெந்நி கொட்டுது, வாசனை சோப்பு வச்சிருக்கேன்" என்று உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். முதலில் வாரநாளில் மட்டும் போனாய். ஒரு சனிக்கிழமை நான் விறகு பிளந்து, அண்டா கொதித்து, எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். நீ தலை வாரி, சந்தன சோப்பு வாசனையோடு உள்ளே வந்து, "மாமா வீட்லயே குளிச்சிட்டேம்ப்பா" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். அந்த வெந்நீரை நான் ஒரு சொட்டு விடாமல் வாசலில் கொட்டினேன். உன் அம்மா, "கொட்டறதுக்கு எனக்காச்சும் குடுத்திருக்கலாம்ல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. மகனைப் பிடுங்கிக்கொண்ட ஒரு டிரம்மைப் பார்த்து ஒரு ஆம்பிளை அழலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

சுவர் ஆறு மாதத்திலேயே காட்டிக்கொடுக்கத் தொடங்கியது. பூச்சு உப்பிக் கொப்புளம் வெடித்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. உன் மாமா திரும்பத் திரும்ப வெள்ளையடித்துப் பார்த்தார். "சொவரு இன்னாவோ பேஜார் பண்ணுது மாப்ளே" என்று என்னிடம் சொன்னார். "புது சொவரு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். இது இரண்டாவது பொய். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொந்தக் கதையில் மறந்துபோவேன். உன் வீடு புதுசுதான், ஆனாலும் செங்கல் எந்தத் தண்ணீரில் நனைத்தது என்று உனக்குத் தெரியாது. ஷவர் வருகிற சுவரில் நான்கு இடத்தில் சுரண்டி நாக்கை வைத்துப் பார். யாரும் இல்லாதபோது செய், மாமனார் பார்த்தால் பயந்துவிடுவார். கரித்தால் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துச் செங்கல்லைக் கழுவி ஒரு கோடை காயவிடு, அவசரப்படாதே. கரிக்கவில்லை என்றால் நல்ல மணலில் சிமெண்ட் கலந்து இரண்டு தடவையாகப் பூசச் சொல். முதல் பூச்சு சொரசொரப்பாக இருக்கட்டும், அப்போதுதான் இரண்டாவது பிடிக்கும். சுவரும் தரையும் சேருகிற மூலையைக் கூராக விடாமல் வளைத்துப் பூச வேண்டும், குழியில் முதலில் விரிசல் விடுவது கூரான மூலைதான். ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இரு. அப்புறம் ஷவர் இருக்கிற உயரத்துக்கு மேலேயும் ஒரு முழம் வரைக்கும் வெள்ளை ஓடு பதி, தோள் உயரத்தோடு நிறுத்திவிடாதே. தண்ணீர் தெறிப்பது நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. எல்லாம் முடிந்ததும் வடிகால் ஓட்டையை அடைத்துத் தரையில் நான்கு விரல் தண்ணீர் நிறுத்தி, மறுநாள் வெளிச்சுவரைத் தடவிப் பார். சுவிட்சை அறைக்கு வெளியே வை. எர்த் கம்பியைச் சுவருக்குள் புதைக்காதே, கண்ணில் படுகிற மாதிரி வெளியே கொண்டுபோய் மண்ணில் இறக்கச் சொல். இந்தக் கடைசி இரண்டும் எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் இனி எழுத வேண்டும்.

உனக்குப் பரீட்சை தொடங்குகிற அன்று காலை. நான் டேனரியில் இருந்தேன். ஆள் ஓடிவந்து சொன்னான். நான் போவதற்குள் உன்னை ஜட்காவில் ஏற்றி ரயில் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஷவருக்குக் கீழே நின்று குழாயைத் தொட்டிருக்கிறாய், கரண்டு பிடித்துக்கொண்டது. உன் அத்தை மெயினை அணைப்பதற்குள் உன் மாமா வெறுங்கையால் உன்னைப் பிடித்து இழுத்திருக்கிறார், அவரையும் தூக்கி அடித்திருக்கிறது. நீ விழுந்ததில் வலது கை எலும்பு முறிந்தது, தலை பிளந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உனக்கு நினைவே இல்லை. தரம் பார்க்கிற உன் மாமாவின் விரல் நுனிகள் கருகிப்போயிருந்தன. அவர் கட்டுப் போட்டுக்கொள்ளக்கூடப் போகாமல் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

மூன்றாம் நாள் உனக்கு வேட்டி எடுத்துப்போக நான் ஊருக்கு வந்தேன். வழியில் அவர் வீட்டில் வயர்மேன் ஏணி போட்டு டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னப்பா ஆச்சு என்று கேட்டேன். "உப்பு தின்னுட்டுது பெரியவரே. கொக்கி துரு புடிச்சி டிரம்மு சாஞ்சிபோச்சி, உள்ள வயரு நசுங்கியிருக்குது. எர்த் கம்பி நல்லா இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆயிருக்காது. சொவத்துக்குள்ள அது இத்துப் போய்க் கெடக்குது, பாருங்க" என்று பச்சை பூத்த கம்பித் துண்டை என் கையில் கொடுத்தார். அதை வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். வேலூருக்குப் போகிற வழியில் பாலாற்றுப் பாலத்தில் எறிந்துவிட்டேன்.

எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்து, வராந்தாவில் நூறு பேர் பார்க்க, உன் மாமாவின் சட்டையைப் பிடித்தேன். "எம் புள்ளய கொல்லப் பாத்தியாய்யா?" என்று கேட்டேன். எல்லாம் தெரிந்த பிறகுதான் கேட்டேன் தம்பி, தெரியாமல் கேட்கவில்லை. அவர் என் கையைத் தட்டிவிடவில்லை. "எந்தப்புதான் மாப்ளே" என்றார். அப்போது உனக்கு நினைவு வந்துவிட்டிருந்தது, கதவு திறந்திருந்தது, நீ கேட்டுக்கொண்டிருந்தாய். நீ கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன்.

அவர் அதோடு நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். உனக்கு ஒரு வருஷப் படிப்பு போனது. கையில் மாவுக்கட்டு இருந்த மூன்று மாதமும் நான்தான் உன்னைக் குளிப்பாட்டினேன். தினமும் விறகு பிளந்தேன். நீ மறுபடியும் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாய். "அவர் மொகத்துலயே முழிக்க மாட்டேம்ப்பா" என்றாய். உன் முதுகைத் தேய்த்துக்கொண்டே "போனா போவட்டும் வுடு" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மூன்று மாதம் எது என்று கேட்டால் அந்த மூன்று மாதத்தைத்தான் சொல்வேன். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் பாதிதான் சொன்னதாகும்.

உன் கல்யாணத்தில் தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில் அம்மாவின் சித்தப்பா மகனை நிறுத்தினோம். நீதான் வேண்டாம் என்றாய், நான் தடுக்கவில்லை. உன் மாமா வந்திருந்தார் என்பது உனக்குத் தெரியாது. பந்தலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்று தாலி கட்டுகிறவரை பார்த்துவிட்டுப் போனார். நான் பார்த்தேன். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் படி ஏறினேன். "வாங்க மாப்ளே" என்று பழையபடியே எழுந்து நின்றார். உட்கார்ந்ததும் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாக்கை வைத்துப் பார்த்தது, பொய் சொன்னது, கம்பியை ஆற்றில் போட்டது, எதையும் விடவில்லை. பிறகு அவர் சொன்னார். "நீங்க நக்கிப் பாத்தத கதவு இடுக்குல நான் பாத்தேன் மாப்ளே. பாத்துட்டு வெளிய வந்து ஜோரா இருக்குதுன்னீங்க. அந்த தைரியத்துலதான் புள்ளய அங்க குளிக்க வச்சேன்."

அவரே தொடர்ந்தார். "அப்பறமும் நீங்க வேணும்னே பொய் சொன்னதா எனக்குத் தோணவே இல்ல. நாக்கு தப்பிப் போச்சின்னு நெனச்சேன். மேஸ்திரி நாக்கு தப்புதுன்னு வெளிய தெரிஞ்சா எந்த டேனரில வேல குடுப்பான்? தங்கச்சி வீடு இன்னா ஆவறது? அதான் ஆஸ்பத்திரில எந்தப்புன்னு சொன்னேன்." என்னை ஏன் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். பன்னிரண்டு வருஷமாக என் நெஞ்சில் இருந்த கேள்வி. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "தங்கச்சி புருஷன எப்டி மாப்ளே கூலிக்குக் கூப்புடறது? உங்கள மணையில உக்கார வச்சி சோறு போடணும், சாந்துச் சட்டி தூக்கச் சொல்வாங்களா?" என்றார். நம் ஜனங்களில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அவர் எனக்குக் கொடுத்த மரியாதையை நான் அவமானம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பையனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். "சொல்லிடுங்க. அவன் என்ன தப்பா நெனச்சிட்டே இருக்கறான். எனக்கு வயசாயிட்டுது" என்றார். பிறகு, "நீங்க கெளம்புங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எப்போதும் தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்புகிறவர், அன்றைக்கு வாசல்வரைகூட வரவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்ன சொன்னாள் என்பதை எழுத மாட்டேன், அது எனக்கும் அவளுக்கும் உள்ளது.

அறிவுரை என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒன்று எழுதுகிறேன். நாளைக்கு உன் பிள்ளையும் உன்னைவிட வேறு யாரிடமாவது ஒட்டிக்கொள்ளும், உன் மாமனாரிடமே ஒட்டிக்கொள்ளும். அப்போது வலித்தால் அந்தப் பிள்ளையிடமே வாய்விட்டுச் சொல்லிவிடு, எனக்கு வலிக்கிறது என்று. அன்றைக்கு அந்த அண்டாவைக் கவிழ்ப்பதற்குப் பதிலாக உன்னிடம் அதைச் சொல்லியிருந்தால், நீ அடுத்த சனிக்கிழமை எனக்காக உட்கார்ந்திருப்பாய். எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

டிரம்மை மாட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை ஆம்பூருக்கு வா. ஸ்டேஷனில் இறங்கி நம் வீட்டுப் பக்கம் திரும்பாதே, லைனைத் தாண்டி அந்தப் பக்கம் போ. உன் அம்மா காலையிலேயே அங்கே வந்துவிடுவாள், சொல்லி வைத்திருக்கிறேன். அலட்சியம் என்று எனக்கு எழுதிய அந்த வரியை அவரிடம் போய்த் திரும்ப வாங்கிக்கொள். அவர் கையைப் பிடித்துப் பார், விரல் நுனிகள் இன்னும் வழவழவென்றுதான் இருக்கின்றன. அதன்பிறகு அவருக்குத் தோலைத் தொட்டுத் தரம் சொல்ல வரவில்லை, டேனரி வாட்ச்மேன் வேலைக்கு இறங்கிவிட்டார், அதுவும் உனக்குத் தெரியாது. அத்தை உன்னைச் சாப்பிடாமல் விடமாட்டாள். பன்னிரண்டு வருஷப் பேச்சு ஒரு பகலில் முடியாது. என்னைப் பார்க்க வர வேண்டுமா, உன் வீட்டுச் சுவர் வேலைக்கு என்னைக் கூப்பிட வேண்டுமா என்பதையெல்லாம் அதற்கப்புறம் நீ யோசித்து முடிவுசெய். வராவிட்டாலும் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்கட்டும். அன்றைக்கு நீங்கள் நான்கு பேரும் அங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள் என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே தனியாக இருப்பேன். நீ அவரைக் கட்டிக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். இத்தனைக்கும் பிறகும் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். எரியட்டும். நீ போ.

அப்பா